ஐந்து விநாடி பின்னால்

பிறர் பேசியதைக் கேட்டு எழுத்தாக்குவது என் பிழைப்பு. பேட்டி, வகுப்பு, கூட்டம் என்று யாராவது எதையாவது பதிவு செய்து அனுப்புவார்கள். அதில் உள்ள பேச்சை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து தரவேண்டும்; சில நேரம் சப்டைட்டிலாகவும் வெட்டித் தரவேண்டும். ஒரு மணி நேர வீடியோவுக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். பேசுகிறவர் மைக்கிலிருந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பேசுகிறவர் என்றால் அதற்கும் மேலே.

ஒரு நாள் விளையாட்டாக, இடது அம்புக்குறிக் கீயை எத்தனை தடவை அழுத்துகிறேன் என்று பக்கத்தில் ஒரு தாளை வைத்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்து நிமிட வீடியோ முடிவதற்குள் தாளில் இடமில்லை. விட்டுவிட்டேன். அன்று ப்ளே பட்டனை மவுஸால் தொட்டது ஒரே ஒரு தடவை, காலையில் ஃபைலைத் திறந்தபோது. அதுகூட வீண். திறந்ததுமே அது தானாக ஓடத் தொடங்கியிருந்தது. பழக்க தோஷத்தில் அழுத்தப்போய் நின்றுவிட்டது.

அதிலிருந்து வீடியோ பிளேயர்களைப் பார்க்கும் என் கண் மாறிவிட்டது. புதிதாக ஒன்றை நிறுவினால் முதலில் பார்ப்பது, கொஞ்சம் பின்னால் போகச் சொன்னால் அது என்ன செய்கிறது என்பதைத்தான். தொழிலுக்காகப் பார்ப்பதால் எனக்கு மட்டும் இது பெரிதாகத் தெரிகிறதோ என்று நினைத்தேன். அப்புறம் வீட்டில் மற்றவர்கள் படம் பார்ப்பதைக் கவனித்தேன். ஒரு தும்மலில் ஒரு வசனம் போய்விடுகிறது. போன் வந்து எழுந்து போய்த் திரும்புகிறார்கள். சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. "என்ன சொன்னான்?" என்று யாராவது கேட்காமல் ஒரு படம்கூட முடிந்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பட்டன் எத்தனையோ பிளேயர்களின் முகப்பில் கிடையாது. ப்ளே இருக்கும், ஸ்டாப் இருக்கும், முந்தைய ஃபைல், அடுத்த ஃபைல் இருக்கும். கொஞ்சம் பின்னால் போவதற்கு மட்டும் கீபோர்டில் எங்கேயோ ஒரு கீ, தெரிந்தவனுக்குத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு புதுப் பிளேயரை முயன்றுபார்த்தேன். பெயர் வேண்டாம். பார்க்க லட்சணமாக இருந்தது, அரை நாள் நன்றாகவும் உழைத்தது. பிற்பகலில் பேச்சாளரின் குரல் தாழ்ந்தது. வால்யூம் பட்டையை மவுஸால் இழுத்து ஏற்றினேன். பிறகு வழக்கம்போல இடது அம்பு. வீடியோ நகரவில்லை, சத்தம் ஒரு படி குறைந்தது. மறுபடி அழுத்தினேன். இன்னொரு படி குறைந்தது. காது கேட்காமல் போனதால்தான் பின்னால் போகப் பார்க்கிறேன், அதுவோ இன்னும் கேட்காமல் செய்கிறது!

காரணம் சாதாரணமானது. மவுஸ் கடைசியாக எதைத் தொட்டதோ, கீபோர்டும் அதன் கைக்குப் போய்விடுகிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் இதை ஃபோகஸ் என்பார்கள். ஒரு படிவத்தை நிரப்பும்போது இது சரியான ஏற்பாடு. எந்தக் கட்டத்தில் இருக்கிறோமோ அதில்தான் எழுத்து விழவேண்டும். படம் பார்க்கிறவன் படிவம் நிரப்பவில்லை. அவனுக்கு இடது அம்பு என்றால் எப்போதும் பின்னால்தான், ஐந்து நிமிடத்துக்கு முன்னால் மவுஸ் எங்கே போனது என்பதை அவன் ஏன் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்?

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள், 'அடுத்த ஃபைல்' பட்டனைச் சொடுக்கி இரண்டாவது பேட்டிக்குப் போனேன். நாற்பது நிமிடம் போல வேலை நடந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டு, நிறுத்துவதற்காக ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். ஃபோகஸ் இன்னும் அந்தப் பட்டனிலேயே உட்கார்ந்திருந்தது போல. ஸ்பேஸ் பார் அந்தப் பட்டனை இன்னொரு முறை அழுத்தி, மூன்றாவது ஃபைல் ஓட ஆரம்பித்துவிட்டது. திரும்பி வந்தால் பேட்டி முதல் விநாடியில் நிற்கிறது. எங்கே விட்டேன் என்பதற்கு எங்கும் தடயமில்லை. நான் தட்டச்சு செய்த கடைசி வரியை வைத்துக்கொண்டு, குருட்டாம்போக்கில் அங்கும் இங்கும் சொடுக்கித் தேடினேன். அன்று மாலையே அந்தப் பிளேயரை நீக்கினேன். லட்சணம் எல்லாம் லட்சணம்தான்.

சரி, கீ ஒழுங்காக வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து விநாடி பின்னால் என்றால் ஐந்து விநாடிதானா? பல நேரம் இல்லை. ஒரே கீயை ஒரே வீடியோவில் இரண்டு தடவை அழுத்தினால் ஒரு தடவை ஆறு விநாடியும் இன்னொரு தடவை பன்னிரண்டு விநாடியும் போகும். பிளேயருக்குக் கணக்கு தெரியாததால் வருவதில்லை இது. வீடியோ சேமிக்கப்பட்டிருக்கும் விதம் அப்படி. வீடியோ என்பது வரிசையாக ஓடும் தனித்தனிப் படங்கள்; ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக வைத்தால் ஃபைல் ஊதிப் பெருத்துவிடும். அதனால் எப்போதாவது ஒரு ஃபிரேமை மட்டும் முழுசாக வைத்துவிட்டு, மற்றவற்றில் பக்கத்து ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைப்பார்கள். முழுசாக இருப்பதற்குக் கீ ஃபிரேம் என்று பெயர். நடுவில் உள்ள எந்த ஃபிரேமைக் காட்டுவதென்றாலும் முந்தைய கீ ஃபிரேமிலிருந்து தொடங்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். சோம்பல்பட்ட பிளேயர், கேட்ட இடத்துக்கு முன்னால் உள்ள கீ ஃபிரேமிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், நிறுத்தத்தில் மட்டும்தான் நிற்பேன் என்கிற பேருந்து மாதிரி.

எச்264 என்ற சுருக்க முறையில் வீடியோக்களை உருவாக்க மிகப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 என்ற மென்பொருளில், இரண்டு கீ ஃபிரேம்களுக்கு நடுவே அதிகபட்சம் 250 ஃபிரேம் வரை போகலாம் என்பது இயல்பான அமைப்பு. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 விநாடி. காட்சி சட்டென்று மாறும் இடங்களில் அது தானாகவே ஒரு கீ ஃபிரேமைப் போட்டுவிடும். அதனால் சண்டைக் காட்சிகளில் நிறுத்தங்கள் நெருக்கமாக இருக்கும், பின்னால் போவதும் துல்லியமாக இருக்கும். ஒரே கேமராவை முக்காலியில் நிறுத்தி எடுத்த பேட்டியில் காட்சி மாறவே மாறாது. முழுப் பத்து விநாடிக்கு ஒரு நிறுத்தம்தான். அதாவது, சொல் சொல்லாகத் திரும்பக் கேட்கவேண்டிய வீடியோவில்தான் பின்னால் போவது மோசமாக இருக்கும். என் தலையெழுத்து.

முன்னால் போகும்போது இது வேடிக்கையாகவே ஆகிவிடும். ஐந்து விநாடி முன்னால் போகச் சொல்கிறோம். அந்த இடத்துக்கு முந்தைய கீ ஃபிரேம், நாம் இப்போது இருக்கும் இடத்துக்கும் பின்னால் இருக்கிறது. பிளேயர் கவனமாக இல்லாவிட்டால், முன்னால் கீயை அழுத்த அழுத்த வீடியோ பின்னால் வரும். ஒரே வாக்கியத்தை மூன்று தடவை கேட்டுவிட்டுக் கீபோர்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன், ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று.

எம்பிவி பிளேயரில் இதற்கு ஒரு வழி உண்டு. அதில் அம்புக்குறிகள் 5 விநாடி நகர்த்தும், இயல்பில் கீ ஃபிரேம் பார்த்துத்தான் இறங்கும். ஷிஃப்டைச் சேர்த்துப் பிடித்தால் துல்லியமாக 1 விநாடி நகரும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் எல்லாத் தாவலும் துல்லியமாகிவிடும்; இடையில் உள்ள ஃபிரேம்களையெல்லாம் அது கமுக்கமாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. இன்றைய கணினிகளுக்கு இருநூறு ஃபிரேம் ஒரு சுமையே இல்லை. அந்த ஒரு வரிக்காகவே நான் வருஷக்கணக்கில் அதை வைத்திருக்கிறேன். விஎல்சியில் தாவலின் அளவுகள் படிப்படியாக இருக்கின்றன: விண்டோஸில் ஷிஃப்ட்டோடு அம்பு என்றால் 3 விநாடி, ஆல்ட்டோடு 10, கண்ட்ரோலோடு 1 நிமிடம். கணக்கு நல்ல கணக்கு. ஆனால் ஒற்றை விரல் வேலை இரண்டு விரல் வேலையாகிவிடுகிறது. நாள் முழுக்க அழுத்துகிறவனுக்கு அந்த இரண்டாவது விரல் வலிக்கும். அந்த எண்களையும் கீகளையும் மாற்றிக்கொள்ள அமைப்புகளில் இடம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். எத்தனை பேர் அந்தப் பக்கம் போகிறார்கள் என்பது வேறு கேள்வி.

கீபோர்டு வேண்டாம், மவுஸால் போகலாமே என்பீர்கள். கீழே நீளமாக ஒரு கோடு இருக்கிறதே, சீக் பார் என்பார்கள், அதில் சொடுக்கினால் போதுமே. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரப் படம் 7,200 விநாடி. பிளேயர் ஜன்னலில் அந்தக் கோடு 1,200 பிக்சல் நீளம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிக்சலுக்கு 6 விநாடி. கை ஒரு பிக்சல் நடுங்கினால் ஒரு வசனம் போச்சு. முழுத்திரையாக்கி 1,920 பிக்சலுக்கு இழுத்தாலும் பிக்சலுக்கு மூன்றே முக்கால் விநாடி. எவ்வளவு திறமையான கையாக இருந்தாலும் அந்தக் கோட்டில் ஐந்து விநாடி பின்னால் போகவே முடியாது. அது "கடைசிச் சண்டை எங்கே" என்று தேடுவதற்கான கருவி. அதையே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது, ஊரின் வரைபடத்தைக் கொடுத்து வீட்டுக்குள் கண்ணாடியைத் தேடச் சொல்வது மாதிரி.

அந்தக் கோடு வரவர மெலிந்துகொண்டே வேறு வருகிறது. நாலைந்து பிக்சல் உயரத்தில் ஒரு நூல். மவுஸ் மேலே போனால்தான் கொஞ்சம் தடிக்கும். 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர், ஓர் இலக்கைத் தொட எவ்வளவு நேரமாகும் என்பது அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று கணக்காகவே எழுதிவைத்தார். அதிலிருந்து திரை வடிவமைப்பவர்கள் எடுத்துக்கொண்ட ஒரு பாடம்: திரையின் ஓரத்தை ஒட்டிய பொருளைத் தொடுவது மிக எளிது. மவுஸை எவ்வளவு வேகமாக வீசினாலும் அது ஓரத்தில் முட்டி நின்றுவிடும், தாண்டிப் போகாது. முழுத்திரையில் கீழ் ஓரத்தில் அந்தக் கோட்டை ஒட்டிவைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தொடலாம். ஆனால் பெரும்பாலான பிளேயர்களில் அழகுக்காக ஓரத்திலிருந்து பத்திருபது பிக்சல் மேலே தள்ளி மிதக்கவிட்டிருப்பார்கள். அந்தப் பத்துப் பிக்சலில் இருக்கிறது எல்லாம். மவுஸ் கீழே போய் முட்டும், அப்புறம் மெதுவாக மேலே ஏற்றிக் கோட்டைத் தேடவேண்டும், அதற்குள் கட்டுப்பாடுகள் மறைந்துவிடும்.

மறைவது என்றதும் அப்பாவின் ஞாபகம் வருகிறது. பழைய படங்களை அவர் என் பழைய கணினியில்தான் பார்ப்பார். ஒரு நாள் கூப்பிட்டார்.

"அந்தக் கோடு எங்கடா போச்சு?"

"மவுஸை லேசா அசைங்கப்பா, வரும்."

"அசைச்சா வருது. அப்புறம் கைய எடுத்தா போயிடுது. பக்கத்துல கொண்டுபோறதுக்குள்ள ஓடிடுது. கண்ணாமூச்சியா ஆடுது?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கோட்டின் மேல் இருக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, மவுஸின் அம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் சேர்ப்பதற்கு நிதானமாக நேரம் எடுத்துக்கொள்கிறார். நடுவில் கை ஒரு கணம் நின்றதும் பிளேயர், ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டான் என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் ஒளித்துவிடுகிறது. கை நிற்பது யோசிப்பதாகவும் இருக்கலாம் என்று அதற்குத் தெரியாது. மறையும் நேரத்தை நீட்டிவைக்கும் அமைப்பு இருக்கும் பிளேயர்களில் அதை நான்கு விநாடிக்கு மேல் வைத்துவிடுவேன். எனக்குத் தொந்தரவாக இல்லை, அவருக்கு நிம்மதி. வீடியோ நிறுத்தப்பட்டிருக்கும்போது கட்டுப்பாடுகள் மறையவே கூடாது என்பது என் கட்சி. நின்றுபோன படத்தில் எதைத்தான் மறைத்துவிடப் போகிறது?

அப்பாவிடம் இன்னொரு குழப்பமும் கண்டேன், அது எனக்குள்ளும் இருந்ததுதான். முக்கோணம் தெரிகிறது. அப்படியென்றால் படம் ஓடுகிறது என்று அர்த்தமா, அழுத்தினால் ஓடும் என்று அர்த்தமா? டேப் ரெக்கார்டரில் ஓட்டுவதற்கு ஒரு பட்டன், நிறுத்திவைப்பதற்கு ஒரு பட்டன். அழுத்தியது உள்ளே அமுங்கியே இருக்கும், பார்த்தாலே நிலைமை தெரியும். திரையில் இரண்டையும் ஒரே பட்டனாக்கி, நிலைமைக்கு ஏற்பப் படத்தை மாற்றிக் காட்டுகிறார்கள். முக்கோணம் என்றால் "அழுத்தினால் ஓடும்" என்பதுதான் இன்றைய வழக்கம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது குழப்பமே வராது, கண்ணால் பார்க்கிறோமே. ஃபைல் கனமாக இருந்து, அழுத்திய பிறகும் படம் அசையாமல் இருக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடியில்தான் வரும். அழுத்தியது பதிந்ததா இல்லையா? சந்தேகத்தில் மறுபடி அழுத்துவோம். இப்போது அது நிறுத்தச் சொன்னதாகிவிடும். மூன்றாவது தடவை அழுத்தினால் ஓடும், ஆனால் நான்காவது அழுத்தலும் அதற்குள் போயிருக்கும்.

படத்தின் மேலேயே சொடுக்கினால் நிற்கும் பிளேயர்களில் ஒரு சின்னச் சிக்கலைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு சொடுக்கு என்றால் நிறுத்து, இரட்டைச் சொடுக்கு என்றால் முழுத்திரை. முதல் சொடுக்கு விழுந்த கணத்தில், இரண்டாவது வரப்போகிறதா இல்லையா என்று பிளேயருக்குத் தெரியாது. விண்டோஸில் இரட்டைச் சொடுக்குக்கு இயல்பான கால அளவு 500 மில்லிவிநாடி. ஆகவே பிளேயருக்கு இரண்டே வழி. அரை விநாடி காத்திருந்து, இரண்டாவது வராவிட்டால் நிறுத்தலாம்; அப்போது ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அரை விநாடி தாமதம், வேண்டிய ஃபிரேமைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். இல்லையென்றால் உடனே நிறுத்திவிட்டு, இரண்டாவது சொடுக்கு வந்தால் மறுபடி ஓடவிட்டு முழுத்திரையாக்கலாம். அப்போது முழுத்திரைக்குப் போகும்போதெல்லாம் ஓட்டத்தில் ஒரு விக்கல். எனக்கு விக்கல் பரவாயில்லை. முழுத்திரைக்கு ஒரு படத்தில் ஒரு தடவைதான் போகிறோம், நிறுத்துவது எத்தனையோ தடவை. விஎல்சி இந்த வம்பே வேண்டாம் என்று, இயல்பில் ஒற்றைச் சொடுக்குக்கு எதுவும் செய்வதில்லை, இரட்டைச் சொடுக்குக்கு முழுத்திரை. கௌரவமான முடிவுதான், மற்ற இடங்களில் பழகிவந்தவர்கள் படத்தைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்துவிட்டுக் கணினி உறைந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

வால்யூம் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, ஒன்றே ஒன்று. 1999-ல் வந்த குவிக்டைம் 4 பிளேயரில் வால்யூமுக்குப் பாக்கெட் ரேடியோவில் இருப்பது போல ஒரு சின்னச் சக்கரம் வரைந்திருந்தார்கள். கையால் சுழற்றினால் சுகமான பொருள். மவுஸால் அதைச் சுழற்ற, பிடித்து இழுத்து, விட்டு, மேலே போய் மறுபடி பிடித்து இழுக்கவேண்டும். பொருளின் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள், விரலைக் கொண்டுவர முடியவில்லை. வடிவமைப்பு பற்றி எழுதுகிறவர்கள் அன்றைக்கு அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிறகு அது சாதாரண நகர்த்துப் பட்டையாகிவிட்டது.

கீகளுக்கு வருவோம், அங்கேதான் இன்னும் கொஞ்சம் புகைச்சல் இருக்கிறது. யூடியூபில் ஜே என்றால் 10 விநாடி பின்னால், கே என்றால் நிறுத்து, எல் என்றால் 10 விநாடி முன்னால். மூன்றும் வலது கையின் கீழே வரிசையாக இருப்பவை. வீடியோ எடிட்டிங் மென்பொருள்களிலும் இதே மூன்று கீகள்தான் பின்னால், நிறுத்து, முன்னால். கை பழகிவிட்டால் விடாது. அப்படிப் பழகிய கை விஎல்சிக்கு வந்து ஜேயைத் தட்டினால் என்ன ஆகும்? அங்கே ஜேயும் கேயும் ஒலியைப் படத்தோடு ஒப்பிட்டு முன்னும் பின்னும் தள்ளும் கீகள். ஒரு தட்டுக்கு 50 மில்லிவிநாடி. வீடியோ பின்னால் போகாததைப் பார்த்து இன்னும் நாலு தட்டு தட்டினால் கால் விநாடி தள்ளிப்போய்விடும். திரையின் மூலையில் ஓர் எண் வந்து மறையும், அவ்வளவுதான். ஒலிபரப்பு அமைப்புகளுக்காக 1998-ல் ஐடியூ என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரை ஒன்று, ஒலி படத்துக்கு 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பிந்தினாலோ பார்ப்பவர்கள் உணரத் தொடங்குவார்கள் என்கிறது. ஐந்து தட்டில் இரண்டு எல்லையையும் தாண்டியாகிவிட்டது. படம் ஏதோ டப்பிங் செய்தது போல இருக்கும். பார்க்கிறவர் ஃபைலைத் திட்டுவார், தன் விரலைச் சந்தேகிக்கமாட்டார். சந்தேகிக்கவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எளிதில் திரும்ப முடியாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றத்தை ஒற்றை எழுத்துக் கீயில் வைத்ததுதான் பிரச்சினை.

ஆனால் அதே விஎல்சியில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடவேண்டும். சப்டைட்டில் பேச்சோடு பொருந்தாமல் தள்ளி வருகிறது. வழக்கமாக, பிளேயர்களில் "தாமதத்தைக் கூட்டு", "தாமதத்தைக் குறை" என்று இரண்டு கீ இருக்கும். சப்டைட்டில் முந்தி வருகிறதா, பிந்தி வருகிறதா, பிந்தி வந்தால் தாமதத்தைக் குறைக்கவேண்டுமா, குறைத்தால் எண் மைனஸில் போகுமா என்று ஒவ்வொரு தடவையும் தலை சுற்றும். இத்தனைக்கும் இது என் தொழில். எப்போதும் முதலில் தப்பான திசையில் நாலு தட்டு தட்டிவிட்டுத்தான் சரியான பக்கம் வருவேன். விஎல்சியில் திசையே யோசிக்காத வழி ஒன்று உண்டு. ஒரு வசனம் காதில் விழும்போது ஷிஃப்ட்டோடு எச். அதே வசனம் எழுத்தாகத் திரையில் வரும்போது ஷிஃப்ட்டோடு ஜே. பிறகு ஷிஃப்ட்டோடு கே. முடிந்தது. கூட்டல் கழித்தலை அதுவே பார்த்துக்கொள்கிறது. காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் சொன்னால் போதும். இதை நினைத்துக் கண்டுபிடித்தவர் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்திருக்கவேண்டும். பரிதாபம், மெனுவின் மேல்தட்டில் இது கண்ணில் படாது. தெரியாதவர்கள் தெரியாமலேயே இருக்கிறார்கள்.

(சப்டைட்டில் போகப் போகத் தள்ளிப்போகிறது என்றால் இது உதவாது. விநாடிக்கு 23.976 ஃபிரேம் படத்துக்கு எழுதியதை 25 ஃபிரேம் படத்தில் போட்டால் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல் வேகம் மாறுகிறது. தொடக்கத்தில் பொருந்தும், இரண்டு மணி நேர முடிவில் ஐந்து நிமிடம் விலகியிருக்கும். அதற்கு வேறு மருந்து.)

எல்லாவற்றையும் விட அபூர்வமானது, தப்பாகப் போய்விட்ட இடத்திலிருந்து திரும்பி வருவது. எழுதும் மென்பொருளில் எதைத் தப்பாக அழித்தாலும் கண்ட்ரோல் இசட் இருக்கிறது. வீடியோ பிளேயரில் முழங்கை பட்டோ, கோட்டில் தெரியாமல் சொடுக்கியோ ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டால்? இருந்த இடம் போனது போனதுதான். எம்பிவியில் ஷிஃப்ட்டோடு பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கடைசித் தாவலை ரத்துசெய்து பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். அதை முதன்முதலில் கண்டுபிடித்த அன்று வேண்டுமென்றே படத்தின் கடைசிக்குத் தாவித் தாவித் திரும்பிக்கொண்டிருந்தேன், சிறு பிள்ளை மாதிரி. முன்பு சொன்ன நாற்பது நிமிடப் பேட்டிக்கு இந்த மாதிரி ஒன்று இருந்திருந்தால் என் ஒரு மாலை மிஞ்சியிருக்கும்.

கொஞ்சம் பின்னால் போகும் விஷயத்தை ஒரு டிவி பெட்டி அப்போதே யோசித்தது. 1999-ல் அமெரிக்காவில் வந்த, டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் டிவோ பெட்டியின் ரிமோட்டில் 8 விநாடி பின்னால் போவதற்கென்றே தனியாக ஒரு பட்டன் வைத்தார்கள். "என்ன சொன்னான்?" பட்டன். அதோடு, வேகமாக ஓட்டிக்கொண்டே போய் வேண்டிய இடம் வந்ததும் ப்ளேயை அழுத்தினால், அழுத்திய இடத்தில் தொடங்காமல் கொஞ்சம் பின்னால் வந்து தொடங்கும். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் அழுத்துவதற்குள் படம் தாண்டிப் போயிருக்கும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மனிதன் கொஞ்சம் தாமதமாகத்தான் அழுத்துவான், அதை அவன் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

நானும் என் அமைப்புக் கோப்பில் இதே மாதிரி ஒரு சின்ன வேலை செய்துவைத்திருக்கிறேன். ஸ்பேஸ் பாரை அழுத்தி நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடும்போது, ஒன்றரை விநாடி பின்னால் வந்து தொடங்கும். டேப் கேசட் காலத்தில் எழுத்தாக்கும் வேலைக்கென்றே இருந்த இயந்திரங்களில், காலால் மிதிக்கும் பெடலை விட்டு மறுபடி மிதித்தால் நாடா கொஞ்சம் பின்னால் சுற்றித்தான் தொடங்கும். அதைப் பார்த்துத்தான் செய்தேன். இதை வைத்த பிறகு இடது அம்பை அழுத்துவது கண்கூடாகக் குறைந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்காதீர்கள், மறுபடி தாளில் கோடு போட எனக்குப் பொறுமை இல்லை.

அப்பாவின் கணினியிலும் அதே கோப்பைப் போட்டுக்கொடுத்தேன். கீபோர்டில் இடது அம்பின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர், ஸ்பேஸ் பாரின் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர். மவுஸைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து எட்டிப்பார்த்தேன். படம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் விரல் சிவப்பு ஸ்டிக்கரின் மேலேயே இருந்தது.

"எல்லாம் சரியா இருக்காப்பா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இரு, என்ன சொன்னான்னு கேட்டுக்கறேன்" என்றபடி ஒரு தடவை அழுத்தினார்.